சோற்றுக்கடனும் அரியணைக்கடனும்: தொலைக்காட்சி இதிகாச நாடகங்களில் பற்றுறுதிச் சொற்கள்

கொடுங்கோல் அரசின்கீழ்ப் பணிபுரியும் மனிதர்களைப் பற்றிய நாடகம் ஒன்றைத் தமிழாக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, அம்மனிதர்களை அவ்வரசோடு பிணைத்திருக்கும் உணர்வுக்கு என்ன பெயரிடுவது என்பதாகும். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சோவியத் தொலைக்காட்சியில் பன்னிரண்டு பகுதிகளாக ஒளிபரப்பான 'வசந்தத்தின் பதினேழு கணங்கள்' என்னும் தொடரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். யூலியன் செமியோனவின் புதினத்தைத் தழுவித் தத்தியானா லியோஸ்னவா இயக்கிய இத்தொடரின் தலைவன், இட்லரின் பாதுகாப்புத் துறையில் உயர்பதவி வகிக்கும் ஸ்டிர்லிட்ஸ். உண்மையில் அவன் ஒரு சோவியத் ஒற்றன். அத்துறையின் அலுவலர் ஒவ்வொருவரும் அறிமுகமாகும்போது அவரைப் பற்றிய பணிக்கோப்பு உரக்கப் படிக்கப்படுகிறது. இன்னார் தூய ஆரியர், நிதானமானவர், பகைவரிடம் இரக்கமற்றவர் என்னும் வகையில் அமைந்த கோப்புச் சொற்களே அவரது பற்றுறுதிக்குச் சான்று. அங்குப் பற்றுறுதி என்பது நெஞ்சில் இருக்கும் பொருளன்று. கோப்பில் இருக்கும் பதிவு.

இதனை 'விசுவாசம்' என்று பெயர்த்தால் பொருள் திரிகிறது. வடமொழியில் நம்பிக்கை என்னும் பொருளுடைய இச்சொல் தமிழில் இரு திசைகளில் வளர்ந்துள்ளது. கிறித்தவத் தமிழில் அது இறைநம்பிக்கையைக் குறிக்கிறது. பிற வழக்குகளில் ஏவலாளனின் பணிவையும் வளர்ப்பு நாயின் குணத்தையும் குறிக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இதனின்று ஆக்கப்பட்ட 'ராஜவிசுவாசம்' என்னும் தொடர் அக்காலத்தோடே வழக்கொழிந்தது. 'பற்று' விருப்பத்தைச் சுட்டுமேயன்றிக் கட்டுப்பாட்டைச் சுட்டாது. 'கடமை' ஏறத்தாழப் பொருந்துவதுபோல் தோன்றினும், சோழர் கல்வெட்டுகளில் அது நிலவரியின் பெயர் என்பதை மறந்துவிடலாகாது. கடன், கடமை, கடப்பாடு ஆகிய மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்தவை. தமிழில் ஒருவன் மற்றொருவனுக்குக் கட்டுப்பட்டவன் என்றால், அவனிடம் எதையோ வாங்கியிருக்கிறான் என்பதே பொருள்.

அவன் வாங்கியது பெரும்பாலும் சோறு. 'செஞ்சோற்றுக்கடன்' என்னும் தொடர் பழைய போர்மரபைச் சார்ந்தது. தலைவன் இட்ட சோற்றுக்கு ஈடாக வீரன் தன் உயிரைத் தருவதே அதன் பொருள். 1964இல் பி.ஆர். பந்துலு இயக்கி வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்தின் வழியே இத்தொடர் எழுத்தறியாதார் நாவிலும் நிலைபெற்றது. இக்கருத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னட நடுகற்களிலும் காவியங்களிலும் 'ஜோளவாளி', 'ஜோளத பாளி' என்னும் தொடர்கள் வழங்குகின்றன. அங்கு உண்ட சோளமே கடனாகிறது. பத்தாம் நூற்றாண்டில் பம்பன் பாடிய பாரதத்தின் கர்ணனும் இம்மரபில் வந்தவனே. இத்தொடருக்கு இணையாகக் கன்னடத்தில் வரும் 'வேளெவாளி'யும், சோழர் படைப்பிரிவாகிய 'வேளைக்கார'ரும் சொல்லளவில் உறவுடையவர்கள். உற்ற வேளையில் உயிர் தருவதாக வஞ்சினம் கூறியவர்கள் அவர்கள். பொலனறுவையில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்று வேளைக்காரர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் உள்ளது. வடக்கே இந்தி, உருது மொழிகளில் சோற்றின் இடத்தை உப்புப் பெறுகிறது. 'நமக் ஹலால்', 'நமக் ஹராம்' என்னும் எதிர்ச்சொற்கள் அதன்வழி வந்தவை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் தமிழ்ப் பழமொழியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

சோறு, சோளம், உப்பு என்னும் மூன்றுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. கொடுத்தவன் ஒரு மனிதன்; அவனுக்கு முகம் உண்டு. கடன் அந்த முகத்துக்கே உரியது.

இவ்வறத்தின் உச்சமாகவும் அதன் மீதான வினாவாகவும் அமைவது கம்பரின் கும்பகருணன். மந்திரப் படலத்தில் அவன் இராவணனின் செயலைத் தவறென்று அவையில் வெளிப்படையாகவே இடித்துரைக்கிறான். ஆயினும், சிறைவைத்தவளை இனி விடுவது இழிவாகும், போரிடுவதே வழி என்று முடிக்கிறான். பின்னர்ப் போர்க்களத்தில் வீடணன் வந்து அழைத்தபோதும் வளர்த்தவனை விட்டுவர மறுத்து, வீடணனை மட்டும் இராமனிடம் திரும்பிச் செல்லுமாறு பணிக்கிறான். இருவருள் எவரையும் கம்பர் இழித்துரைக்கவில்லை. பிற்காலத்தார் அவ்வாறிருக்கவில்லை. வைணவ மரபில் வீடணன் சரணாகதிக்கு இலக்கணமான 'விபீஷணாழ்வான்'. அரசியல் மேடைத் தமிழில் அதே பெயர் இனத்தைக் காட்டிக்கொடுத்தவனுக்கு உரிய வசைச்சொல். 'எட்டப்பன்' போல் இதுவும் இயற்பெயர் பொதுப்பெயரானதற்கு எடுத்துக்காட்டாகும். எனினும் எட்டப்பனுக்கு ஆழ்வார்ப் பட்டம் எவரும் தரவில்லை. ஒரே செயலுக்கு ஒரே மொழியில் இவ்வாறு இருவேறு தீர்ப்புகள் நிலவுவது அரிது.

இராமானந்த சாகரின் 'ராமாயண்' தொடர் 1987 சனவரி முதல் 1988 சூலை வரை தூர்தர்சனில் ஒளிபரப்பானது. அதன் தொடக்கக் காட்சியில் பெயர் கூறப்படும் மூல நூல்களுள் கம்பராமாயணமும் ஒன்று. ஆயினும் தமிழர் கும்பகருணனிடம் கண்ட அறச்சிக்கலைக் காட்டிலும் வீடணனின் பக்தியே அத்தொடரில் ஓங்கியிருந்தது. சிக்கல் வேறொரு தொடருக்காகக் காத்திருந்தது எனலாம். அதற்குச் செல்லுமுன் இக்கடன்முறை நடைமுறை வாழ்வில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதைக் காண வேண்டும்.

தமிழ்ச் சோற்றுக்கடனும் கன்னடச் சோளக்கடனும் எதிர்ப்படும் நிலம் கோலார்த் தங்கவயல். (அப்பகுதியின் உணவு இவ்விரண்டும் அன்று, ராகி என்பது வேறு.) 1880 முதல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் இயங்கிய சுரங்கங்களுக்கு வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களினின்று வந்து குடியேறியவர்களே உழைப்பாளருள் பெரும்பான்மையினர். அவருள் ஆதிதிராவிடர் மிகப் பலர். சாம்பியன் ரீப், உரிகம், மாரிக்குப்பம் என இருமொழிப் பெயர்களும் ஒலிமாறிக் கலந்து வழங்கும் அவ்வட்டாரத்தின் இடப்பெயர்களே தனி ஆய்வுக்கு உரியவை. குடியேறியோரின் தாய்நிலமாகிய வடஆர்க்காடு, திரௌபதியம்மன் விழாவும் பாரதக்கூத்தும் செழித்த பகுதி. துகிலுரிதலும் கர்ணமோட்சமும் அங்கு ஊர்தோறும் இரவு முழுதும் ஆடப்படுபவை. கோலாரிலும் திரௌபதியைப் போற்றும் கரகத் திருவிழா உண்டு. ஆகவே சோறிட்டவனுக்காக உயிர்விடும் கர்ணனை இத்தொழிலாளர் நன்கு அறிந்தவர்கள்.

இவர்களுக்குச் சோறிட்டவர் யார்? குடியிருப்பு வரிசைகள் கும்பினியுடையவை. மருத்துவமனை அதனுடையது. 1902இல் சிவசமுத்திரத்தினின்று வந்த மின்சாரம் சுரங்கங்களுக்காகவே வந்தது. சுரங்கத்தினின்று மேலேறும் தொழிலாளி தங்கம் கடத்துகிறான் என்னும் ஐயத்தின்பேரில் சோதனையிடப்பட்டான். இத்தகைய அமைப்பில், உண்ட வீட்டுக்கு இரண்டகம் எண்ணாதே என்பது கும்பினிக்கு மிகவும் வாய்ப்பான அறமாகும். ஆனால் 1930இல் தொழிலாளர் அனைவரையும் கைரேகையுடன் பதிவு செய்ய நிருவாகம் முற்பட்டபோது அவர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். கைரேகை என்பது குற்றவாளியிடம் எடுக்கப்படுவது. சோறிட்டவன் சோறுண்டவனின் விரலில் மை தடவுவதில்லை. கூலி வேறு, சோறு வேறு என்பதை எந்த அகராதியும் அவர்களுக்குக் கற்பித்திருக்க வேண்டியதில்லை. முகமற்ற ஓர் அமைப்பு, கோப்பையும் ரேகையையும் வைத்துப் பற்றுறுதியை அளக்கத் தொடங்கியவுடன் பழைய கடன்முறை செல்லாததாயிற்று. ஸ்டிர்லிட்சின் பணிக்கோப்புக்கு நிகரான தமிழர் பட்டறிவைத் தேடுவோர் இங்குத்தான் தேட வேண்டும்.

அரசு முழுவதும் இத்தகைய அளவுகோலை எடுத்த காலம் 1975 சூன் 25 முதல் 1977 மார்ச்சு 21 வரை நீடித்தது. அரசியலறிஞர் கூறும் முற்றாதிக்கம் என்னும் வகையில் அது அடங்காது. சர்வாதிகாரம் என்று அதனைச் சுட்டியோர் பலர். (இச்சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930களில் அறப்போராட்ட அணிகளை முன்னின்று நடத்தியவர்களே பெருமையுடன் 'சர்வாதிகாரி' எனப்பட்டனர். இட்லருக்குப் பின்னரே அது முற்றிலும் இழிசொல்லாயிற்று.) ஏட்டுத் தமிழ் 'நெருக்கடி நிலை' என்றும் 'அவசர நிலை' என்றும் எழுதியது. பேச்சுத் தமிழ் சிறைப்படுத்தப் பயன்பட்ட சட்டத்தின் சுருக்கப் பெயரையே காலத்தின் பெயராக்கி 'மிசா காலம்' என்றது. தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி 1976 சனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. சென்னை நாடக மேடையோடு தொடர்புடைய நடிகை சிநேகலதா ரெட்டி பெங்களூர்ச் சிறையில் அடைக்கப்பட்டு, உடல்நலம் குன்றி விடுவிக்கப்பட்டபின் 1977 சனவரி 20 அன்று மறைந்தார்.

தமிழகத்தின் தொலைக்காட்சி இக்காலத்தில்தான் பிறந்தது. சென்னை நிலையம் தொடங்கப்பட்ட நாள் 1975 ஆகஸ்டு 15. பாடகர் கிஷோர் குமாரின் குரல் வானொலியில் விலக்கப்பட்டதும், நான்கு செய்தி நிறுவனங்கள் 'சமாச்சார்' என ஒன்றாக்கப்பட்டதும் 1976இல் நிகழ்ந்தன. சென்னை நிலையம் தொடங்கிய அதே நாளில் வெளியான 'ஷோலே' திரைப்படத்தில், தன் உப்பை உண்டவன் என்று மன்றாடும் கையாளைக் கொள்ளைத் தலைவன் சுட்டுக்கொல்கிறான். நமக் ஹலால் என்னும் அறத்தின்மீது இதனினும் கசப்பான உரை எழுதப்படவில்லை. இதழாளர்களைக் குனியச் சொன்னபோது அவர்கள் தவழ்ந்தார்கள் என்று பின்னர் அத்வானி கூறியது பலரும் அறிந்ததே.

இக்காலத்தின் சொற்போர்களுள் மொழியியலாளர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மௌன விரதத்தில் இருந்த வினோபா பாவே இக்காலத்தை 'அனுசாசன பருவம்' என்று குறிப்பிட்டார். மகாபாரதத்தின் பதின்மூன்றாம் பருவத்தின் பெயர் அது. அனுசாசனம் என்பதற்கு ஒழுங்கு, கட்டுப்பாடு என்று பொருள்கொண்ட ஆட்சியாளர் இத்தொடரை நெருக்கடிநிலைக்குக் கிடைத்த வாழ்த்தாகப் பரப்பினர். வினோபா 1976இன் தொடக்கத்தில் விளக்கம் தந்தார்: ஆசிரியர் தருவது அனுசாசனம், அரசர் தருவது சாசனம், இரண்டும் ஒன்றல்ல. சொல்வரலாறு அவர் பக்கமே உள்ளது. பதஞ்சலி இலக்கணத்துக்கு இட்ட பெயர் 'சப்தானுசாசனம்'. இலக்கணம் எவரையும் சிறையிடுவதில்லை; சான்றோர் வழக்கைப் பின்பற்றி எடுத்துரைக்கிறது. 'அனு' என்னும் முன்னொட்டு பின்தொடர்தலைக் குறிப்பது. தமிழில் 'சாசனம்' பட்டயத்தையும் ஆணையையும் குறிப்பதாகவே நின்றுவிட்டது. ஓர் முன்னொட்டின் பொருள் நாட்டின் நிலையைப் பற்றிய வழக்காக மாறியது அப்போதுதான். ஆயினும் சுவரொட்டிகள் எழுதப்பட்டபின்னரே விளக்கம் வந்தது என்பதையும் கூறவேண்டும்.

அனுசாசன பருவத்தில் பேசுபவர் வீடுமர். அம்புப்படுக்கையில் கிடந்தவாறு அவர் தருமனுக்கு அறமுரைக்கிறார். அவரே துகிலுரியும் அவையில் வாளாவிருந்தவர். வினோபாவின் தொடரை எடுத்தாண்டவர்கள் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்று கருத இடமுண்டு. பி.ஆர். சோப்ராவின் 'மஹாபாரத்' 1988 அக்டோபர் 2 முதல் 1990 சூன் 24 வரை 94 பகுதிகளாகத் தூர்தர்சனில் வந்தது. அதன் உரையாடலை எழுதிய ராஹி மாசூம் ரஸா, நெருக்கடிநிலைக் காலத்தைக் களமாகக்கொண்டு 'கட்ரா பீ ஆர்ஸூ' என்னும் இந்திப் புதினத்தை 1978இல் எழுதியவர். அரசின் அச்சத்தில் எளிய குடியிருப்பு ஒன்று சிதைவதைச் சொல்லும் புதினம் அது. பத்தாண்டுகளுக்குப்பின் அதே எழுத்தாளர், அரசுக்கே உரிய தொலைக்காட்சியில், அத்தினாபுரத்து அவையை எழுத நேர்ந்தது.

அவ்வெழுத்தில் வீடுமரின் பிணைப்பு முதனூலினின்று வேறுபடுகிறது. வியாசபாரதத்தில் போர்முனையில் தன்னை வணங்கவந்த தருமனிடம், மனிதன் பொருளுக்கு அடிமை, கௌரவர் பொருளால் தான் கட்டுண்டிருப்பதாக வீடுமர் ஒப்புக்கொள்கிறார். துரோணரும் கிருபரும் அதனையே சொல்கின்றனர். அது ஏறத்தாழச் சோற்றுக்கடன்தான். தொலைக்காட்சித் தொடரிலோ, அரியணையில் எவர் அமர்ந்தாலும் அவரிடம் தன் தந்தையின் உருவையே காண்பதாக வீடுமர் உறுதி பூணுகிறார். கடன் மனிதனைவிட்டு இருக்கைக்குப் பெயர்ந்துவிடுகிறது. சந்தனுவுக்குச் செலுத்திய பற்று சந்தனுவின் இருக்கைக்கும், பின்னர் அதில் அமர்ந்த கண்ணிலா அரசனுக்கும், அவன் வழியே துரியோதனனின் விருப்பத்துக்கும் உரியதாகிறது. தனிமனிதப் பற்று அமைப்புப் பற்றாக மாறும் இம்மாற்றமே பணிக்கோப்பு அரசுகளின் உளவியல் அடிப்படை. சோற்றுக்கடனை அரியணைக்கடனாக மாற்றியதன்மூலம் ரஸா பழங்கதையைப் புதுக்காலத்துக்குக் கொண்டுவந்தார் என்பது மிகையன்று. சூதாட்ட அவையில் விதுரன் தடுக்கிறான், கௌரவருள் இளையவனான விகர்ணன் எழுந்து பேசுகிறான், மூத்தவர்கள் தலைகவிழ்கின்றனர். முகேஷ் கன்னாவின் வீடுமர் கண்ணீர் விடுகிறார், எழவில்லை.

தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று. புதுவையில் நாடுநீங்கி வாழ்ந்த பாரதி 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தை 1912இல் வெளியிட்டார். அவைக்காட்சி இடம்பெறும் இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப்பின் 1924இல் வந்தது. அதில் வீடுமன் சாத்திரத்தின் விதியை எடுத்துரைத்து, அது அறமாகாது என்றும் ஒப்பி, தடுக்கும் திறன் தனக்கில்லை என்று கைவிரிக்கிறான். பாரதியின் சினம் வீடுமனோடு நிற்கவில்லை. தெருவில் நின்று புலம்பிய ஊர்மக்கள்மீதும் பாய்கிறது. அடிமைப்பட்ட நாட்டை நோக்கிப் பாடியவர் என்பதால் பார்வையாளரையும் அவர் விட்டுவைக்கவில்லை. தொலைக்காட்சித் தொடர் இந்த இடத்தில் துணியவில்லை. அரசின் அலைவரிசையில், ஞாயிறு காலையில், அமர்ந்து பார்ப்பவரைக் குற்றஞ்சாட்டுவது எளிதன்று. 'காலம்' என்னும் உருவற்ற பாத்திரம் வீடுமரைக் கடிந்துகொள்வதோடு தொடர் அமைகிறது. 2013இல் தொடங்கிய புதிய இந்தித் தொடரின் தமிழ் ஒலிப்பதிவு விஜய் தொலைக்காட்சியில் வந்தபோது துகிலுரிதல் காட்சியில் அரசியலைவிடக் காட்சிப்பொலிவே மேலோங்கியது.

தமிழில் மூவகை நிலைகள் இவ்வாறு பெறப்படுகின்றன. எதிர்த்துரைத்தும் உடன்நின்று மாயும் கும்பகருணனுக்குச் செஞ்சோற்றுக்கடன் என்னும் புகழ்ச்சொல் உண்டு. நீங்கிச் செல்லும் வீடணனுக்கு அடைக்கலம் என்றும் துரோகம் என்றும் இரு சொற்கள் உண்டு. அறிந்தும் வாளாவிருந்து உடன்படும் வீடுமனுக்கு என்ன சொல்? 'உடந்தை' குற்றவியல் சொல். வழக்குமன்ற வாடை அதில் உண்டு. 'கைக்கூலி' பணத்தை நினைவூட்டுகிறது. 'ஒத்துழைப்பு' காந்தியடிகளின் ஒத்துழையாமைக்குப்பின் நற்பொருளையே பெரிதும் தாங்கிநிற்கிறது. இட்லர் ஆட்சிக்கு உட்பட்ட பிரான்சு நாட்டவரைப் பற்றிய நாடகங்களை மொழிபெயர்ப்போர் 'ஒத்துழைத்தவர்கள்' என்று எழுதும்போது குற்றத்தின் கறை கழுவப்பட்டுவிடுகிறது. விக்டர் கிளெம்பரர் 1947இல் வெளியிட்ட நாசி மொழி பற்றிய நூலில், 'வெறி' என்னும் பழிச்சொல் அவ்வாட்சியில் புகழ்ச்சொல்லான விதத்தைக் காட்டியுள்ளார். மொழிபெயர்ப்பாளர் கவனக்குறைவு அதே வேலையைத் தலைகீழாகச் செய்துவிடக்கூடும்.

இவ்விடைவெளிக்கு உதவும் சொல் கதாகாலட்சேப மரபில் கிடைக்கிறது. அம்புப்படுக்கையில் வீடுமர் அறமுரைத்துக்கொண்டிருந்தபோது திரௌபதி நகைத்தாள் என்றும், அன்று அவையில் இவ்வறம் எங்கே போயிற்று என்று வினவினாள் என்றும் வாய்மொழிக் கதையொன்று வழங்குகிறது. அதற்கு அவர் தரும் விடை: துரியோதனன் இட்ட அன்னத்தால் ஊறிய குருதி அன்று அறிவை மறைத்தது, அம்புகள் அக்குருதியை வெளியேற்றிவிட்டன, இப்போதுதான் தெளிவு வந்தது. இதனை 'அன்னதோஷம்' என்பர். சோற்றுக்கடனில் உயிரைக் கேட்கும் அதே சோறுதான் இங்கு அறிவைக் கெடுக்கிறது. புகழ்ச்சொல்லும் பழிச்சொல்லும் ஒரே கலத்தில் உண்டவை.

'சோற்றுக்கு விலைபோனவன்' என்றோ 'உண்ட சோறு வாயடைத்தது' என்றோ எழுதும் மொழிபெயர்ப்பாளர் வீடுமரின் நிலையைத் தமிழ் வாசகருக்கு உடனே உணர்த்திவிட இயலும். ஆனால் ஸ்டிர்லிட்சின் உடன்பணியாளர் விழுங்கியது சோறன்று, கோப்பு. அங்கு இத்தொடர்கள் பொருந்தா. கோப்பரசின் மொழியைக் கோப்பின் மொழியிலேயே விடுவது நன்று: 'நம்பகமானவர்', 'குறைபாடு பதிவாகவில்லை', 'தகுதி உறுதிசெய்யப்பட்டது' என்னும் அலுவலகத் தமிழே அதற்குப் போதுமானது. பாத்திரம் தனியே இருக்கும்போது, கோப்பு மூடப்பட்டபின் வாய்திறக்கும் இடத்தில், சோற்றின் சொற்களை வரவழைக்கலாம். தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. கைரேகை வைக்க மறுத்தவர்களின் பேச்சுத் தமிழில் இவ்விருவகைச் சொற்களும் எங்கே பிரிந்தன என்பது அவர்தம் வழித்தோன்றல்களின் வாய்மொழியிலிருந்து இன்னும் தொகுக்கப்பட வேண்டியுள்ளது.